வேலை நின்ற வீட்டின் கணக்கு

மாதச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு வரக்கூடிய சோதனைகளுள் வேலை போவது மிகப் பெரிய ஒன்று. நோய் வந்தால் நாலு பேர் வந்து விசாரிக்கிறார்கள். மௌத்து நேர்ந்தால் ஊரே கூடிவிடுகிறது. வேலை போனவர் வீட்டுக்கு மட்டும் ஒருவரும் வருவதில்லை. காரணம், அவர் ஒருவரிடமும் சொல்வதில்லை. காலையில் வழக்கம்போல் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டு, தேக்காப் பக்கத்திலும் நூல்நிலையத்திலும் பொழுதைப் போக்கிவிட்டு, மாலையில் வேலையிலிருந்து திரும்பினவர்போல் வீடு வந்து சேருகிறவர்கள் உண்டு. இரண்டு மாதம், மூன்று மாதம் இப்படியே ஓடிவிடுகிறது. அதற்குள் கையிலிருந்ததும் கரைந்து, கைமாற்றும் ஏறி, வாங்கக் கூடாத இடத்தில் கடனும் வாங்கியாகிவிடுகிறது.

இந்தக் கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. வேலை போவது ஒரு நஷ்டம். அதை மறைப்பது இரண்டாவது நஷ்டம். குடும்பத்தைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். இதை விளக்க நம் நாட்டுச் சரித்திரத்திலேயே நல்ல பாடம் ஒன்று இருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

நாட்டுக்கே வந்த சோதனை

1968ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்டு வில்சன் லண்டன் பார்லிமெண்டில் ஓர் அறிவிப்புச் செய்தார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள பிரிட்டிஷ் படைகள் 1971ஆம் ஆண்டு முடிவுக்குள் விலக்கிக்கொள்ளப்படும் என்பது அதன் சாரம். சிங்கப்பூர் தனி நாடாகி அப்போது மூன்று ஆண்டுகூட நிறையவில்லை. செம்பவாங்கில் கடற்படைத் தளம். சாங்கி, சிலேத்தார், தெங்கா ஆகிய இடங்களில் விமானப்படைத் தளங்கள். நாட்டின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய 20 சதவீதம் இத்தளங்களைச் சார்ந்திருந்தது. அவற்றில் நேரடியாக வேலை பார்த்த உள்ளூர்த் தொழிலாளர் மட்டுமே 25,000 பேருக்கு மேல்.

நம்மவர்களுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. செம்பவாங் தளத்தில் மலையாளிகளும் தமிழரும் ஏராளமாக வேலை பார்த்தனர். சோங் பாங் கிராமத்திலும் ஜாலான் காயுவிலும் சாப்பாட்டுக் கடை, மளிகைக் கடை, தையற்கடை, சலவைக் கடை என்று நடத்தியவர்கள் தளத்துச் சம்பள நாளையே நம்பியிருந்தனர். தளத்தின் கதவு மூடினால் இவர்கள் அடுப்பும் அணைந்துவிடும் என்ற நிலைமை.

அப்போது அரசாங்கம் என்ன செய்தது? செய்தியை மூடி மறைக்கவில்லை. தளங்களின் பொருளாதார மாற்றத்துக்கென்று 1968ஆம் ஆண்டிலேயே தனி இலாகா ஒன்றை அமைத்து, ஹோன் சுய் சென் அவர்களின் பொறுப்பில் விட்டது. வேலை இழப்போருக்கு வேறு பயிற்சி அளித்து வேறு வேலையில் அமர்த்துவதும், வெள்ளையர் விட்டுப்போகும் நிலத்தையும் கட்டடங்களையும் கைக்கொண்டு வேறு உபயோகத்துக்குத் திருப்புவதும் அந்த இலாகாவின் வேலை. செம்பவாங் கப்பல் பட்டறை 1968 டிசம்பரில் பெயரளவில் ஒரே ஒரு வெள்ளிக்குச் சிங்கப்பூரின் கைக்கு வந்தது. போர்க்கப்பல் பழுதுபார்த்த அதே இடத்தில் வர்த்தகக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் கம்பெனி நடக்கலாயிற்று. சாங்கி விமானத்தளம் இருந்த பகுதியில் 1981ஆம் ஆண்டில் பெரிய விமான நிலையம் எழுந்தது. 1971 அக்டோபர் 31ஆம் தேதியோடு பழைய ஏற்பாடு முடிந்தபோது நாடு மூழ்கிப்போகவில்லை. அதற்குள் புதுத் தொழிற்சாலைகள் பல வந்துவிட்டன. சில ஆண்டுகளில் ஆள் போதவில்லை என்ற பேச்சுக்கூட எழுந்தது.

எல்லோருக்கும் இது சுலபமாக முடிந்தது என்று சொல்ல முடியாது. கைக்கு வந்த தொகையை வாங்கிக்கொண்டு, இருபது முப்பது ஆண்டு வாழ்ந்த இடத்தை விட்டு ஊர் திரும்பியவர்கள் பலர். ஆயினும் இதில் நான்கு காரியங்கள் வரிசையாக நடந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். நஷ்டம் வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. போவது எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கப்பட்டது. மிஞ்சியது எதற்கு உதவும் என்று ஆராயப்பட்டது. பழைய கைக்குப் புதுத் தொழில் கற்பிக்கப்பட்டது.

நாட்டுக்குக் கிடைத்தது ஏறக்குறைய நான்கு ஆண்டுத் தவணை. குடும்பத்துக்கு அவ்வளவு தவணை கிடைப்பதில்லை. சில சமயம் ஒரு நாள், மிஞ்சினால் ஒரு மாதம். கொரோனா பரவிய 2020ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 26,000 பேருக்கு மேல் ஆட்குறைப்புச் செய்யப்பட்டனர். அவர்களுள் முந்திய மாதமே இதை எதிர்பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? தவணை குறைவு என்பதாலேயே அந்த நான்கு காரியங்களையும் நாம் இன்னும் விரைவாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

முதலாவது: வீட்டில் சொல்லிவிடுங்கள்

வேலை போன அன்று இரவே மனைவியிடம் சொல்லிவிட வேண்டும். விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கும் அளவோடு சொல்லலாம். வாப்பாவுக்கு வேலை இல்லை என்று தெரிந்த பிள்ளை, இந்த மாதம் புதுச் சப்பாத்து வேண்டாம் என்று தானே சொல்லும். தெரியாத பிள்ளை அதைக் கேட்டு அழும். தகப்பனும் மறைப்பதற்காகவே கடன் வாங்கி அதை வாங்கிக் கொடுப்பார்.

ஊரில் மணியார்டரை எதிர்பார்த்திருந்த காலம் போய், இன்று கைப்பேசியிலேயே பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆனால் எதிர்பார்ப்பு மாறவில்லை. கடையநல்லூரிலோ தென்காசியிலோ நாகூரிலோ இருக்கும் தாய்தந்தையருக்கும், “இரண்டு மூன்று மாதம் வழக்கமான தொகை வராது, வந்தாலும் பாதிதான் வரும்” என்று முன்கூட்டியே தெரிவிப்பது நல்லது. சொல்லாமல் நிறுத்தினால் மகன் மறந்துவிட்டான் என்ற மனத்தாங்கல் வரும். சொன்னால் துஆ கேட்பார்கள். இயன்றால் ஊர்ச் செலவையும் சுருக்கிக்கொள்வார்கள்.

இரண்டாவது: வரவேண்டியதைக் கேட்டு வாங்குங்கள்

கடன் கேட்கப் புறப்படுமுன் நமக்கு உரியது அனைத்தும் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். வேலை நியமனச் சட்டம் இந்நாட்டில் 1968ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டது. ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் குறிக்கப்படாவிட்டால், சட்டம் வகுத்த காலம் பொருந்தும். 26 வாரத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஒரு நாள். அதற்கு மேல் இரண்டு ஆண்டுக்குள் என்றால் ஒரு வாரம். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் இரண்டு வாரம். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆனால் நான்கு வாரம். அந்த நாட்கள் வேலை வேண்டாம் என்று முதலாளி சொன்னால், அவற்றுக்கு ஈடான சம்பளத்தைத் தர வேண்டும். முதலாளியே வேலையிலிருந்து நிறுத்தும்போது, கடைசி நாளிலோ, இயலாவிட்டால் மூன்று வேலை நாட்களுக்குள்ளோ பாக்கிச் சம்பளத்தைத் தீர்க்க வேண்டும். எடுக்காத ஆண்டு விடுப்புக்கும் காசு கேட்கலாம்.

ஆட்குறைப்புத் தொகை பற்றிப் பலருக்குத் தப்பெண்ணம் இருக்கிறது. அதைக் கொடுத்தே தீரவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஒப்பந்தத்திலோ தொழிற்சங்க உடன்பாட்டிலோ இருந்தால் கட்டாயம். இல்லாவிட்டால் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது. இரண்டு ஆண்டுகள் வேலை செய்தவர் அதைக் கேட்கலாம். வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு வாரச் சம்பளம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை கொடுப்பது வழக்கமாக இருந்து வருகிறது.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. “நீங்களாக ராஜினாமா செய்வதாகக் கையெழுத்துப் போடுங்கள், அதுதான் உங்கள் பேருக்கு நல்லது” என்று சொல்லிக் கடிதத்தை நீட்டும் இடங்கள் உண்டு. நன்றாக யோசிக்காமல் அதில் கையெழுத்திடலாகாது. தானாக விலகியவர் என்று ஆகிவிட்டால் ஆட்குறைப்புத் தொகையைக் கேட்க வழியில்லை. வேலை இழந்தோருக்கென்று அரசாங்கம் தரும் உதவியும் தவறிப்போகக்கூடும்.

சம்பளம் பாக்கி நின்றால் முதலில் முத்தரப்புச் சமரச அமைப்புக்கும், அங்கே தீராவிட்டால் வேலை நியமன உரிமைக் கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்துக்கும் போகலாம். அம்மன்றம் 2017ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. சம்பளக் கோரிக்கையை வேலை முடிந்த ஆறு மாதத்துக்குள்ளும், அநியாயமாக நீக்கப்பட்டதாகக் கூறும் முறையீட்டை ஒரு மாதத்துக்குள்ளும் கொடுத்துவிட வேண்டும். வெட்கப்பட்டு வீட்டிலிருந்தால் இந்தத் தவணைகளும் கடந்துபோகும்.

மூன்றாவது: எத்தனை வாரம் தாங்கும்?

ஒரு தாளை எடுத்துக் கையிருப்பை எழுதுங்கள். உதாரணத்துக்கு, பாக்கிச் சம்பளமும் சேமிப்பும் சேர்ந்து 3,600 வெள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். குடும்பத்தின் மாதச் செலவு 2,400 வெள்ளி. அப்படியே செலவழித்தால் பணம் ஆறே வாரத்தில் தீர்ந்துவிடும். செலவை 1,500 வெள்ளிக்குக் கொண்டுவந்தால் பத்து வாரம் தாங்கும். அந்த நான்கு வாரம் சிறிய காரியமல்ல. முதலில் வந்த மோசமான வேலையை அவசரப்பட்டு ஏற்பதா, கொஞ்சம் பொறுத்து நல்லதைத் தேடுவதா என்பதை அந்த நான்கு வாரமே முடிவு செய்கிறது.

செலவைக் குறைப்பது எப்படி? அரிசி, பருப்பு, வாடகை அல்லது வீட்டுத் தவணை, மின்சாரம், தண்ணீர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மருந்து ஆகியவற்றை ஒரு பக்கம் எழுதுங்கள். மற்றவற்றை மறுபக்கம் எழுதுங்கள். மறுபக்கத்தில் உள்ளதை அந்த வாரமே நிறுத்திவிட வேண்டும். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பத்து வாரம் எட்டாகிவிடும். வெளியே பசியாறுவதைக் குறைத்தாலே பெருந்தொகை மிஞ்சும். மருந்தையும் பிள்ளைகளின் சாப்பாட்டையும் மட்டும் குறைக்கலாகாது. அதில் மிச்சம் பிடித்த காசு வைத்தியரிடம் போய்ச் சேரும்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில் கடன் எடுத்து வீடு வாங்கியவர்கள், தவணை தவறுவதற்கு முன்பே கழகத்துக்குப் போய் நிலைமையை எடுத்துச் சொல்ல வேண்டும். மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்கில் தொகை இருந்தால் அதிலிருந்து தவணை போய்க்கொண்டிருக்கும். எத்தனை மாதத்துக்குப் போதும் என்று இப்போதே பார்த்துவையுங்கள். நகர மன்றக் கட்டணத்துக்கும் மின்சாரக் கட்டணத்துக்கும் சிறு தவணை கேட்கலாம். தவறுவதற்கு முன் வந்து கேட்பவருக்கும், மூன்று நோட்டீசுக்குப் பிறகு வருபவருக்கும் ஒரே மரியாதை கிடைப்பதில்லை.

நான்காவது: கடன் வாசலில் நின்று யோசியுங்கள்

வட்டி நமக்கு ஆகாது என்பது எல்லோரும் அறிந்ததே. வெறும் கணக்காகப் பார்த்தாலும் அது ஆகாது. அனுமதி பெற்ற கடன் கடைக்காரர் மாதத்துக்கு 4 சதவீதம் வரை வட்டி வாங்கச் சட்டம் இடங்கொடுக்கிறது. 2,000 வெள்ளி வாங்கினால் முதல் மாத வட்டி மட்டும் 80 வெள்ளி; தவணை தவறினால் மாதம் 60 வெள்ளி வரை தாமதக் கட்டணமும் சேரலாம். வருமானமே இல்லாதவர் இதை எங்கிருந்து கட்டுவார்? கடன் அட்டையில் பாக்கி வைத்தால் ஆண்டுக்கு 25 சதவீதத்துக்கு மேல் ஏறுகிறது. அனுமதியில்லாத ‘ஆலோங்’ கூட்டத்தாரிடம் போவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அவர்களுடைய கணக்கு முடிவதேயில்லை. பணம் கட்ட முடியாதவரைக் கொண்டே அடுத்தவர் கதவில் சாயம் ஊற்றச் செய்து, சிறைக்கும் அனுப்பிவிடுகிறார்கள்.

வீட்டில் நகை கொஞ்சம் இருந்தால், அது இத்தகைய நாளுக்காகவே சேர்த்தது என்று எண்ணி ஒரு பகுதியை விற்றுவிடுவது, வட்டிக்கு ஆளாவதைவிட மேல். உறவினரிடம் வட்டியில்லாக் கைமாற்று வாங்கினால், தொகையையும் திருப்பித் தரும் காலத்தையும் எழுதி, இருவரும் ஆளுக்கொரு தாளை வைத்துக்கொள்ளுங்கள். எழுதி வைத்த கடனால் உறவு முறிவதில்லை. ஏற்கெனவே பல இடங்களில் கடன் ஏறிவிட்டவர்கள், கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்னும் தர்ம ஸ்தாபனத்தில் யோசனை கேட்கலாம்.

ஐந்தாவது: உதவி கேட்பது இரப்பதாகாது

விருப்பமின்றி வேலை இழந்தவர்களுக்காக ‘ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவு’ என்ற திட்டம் 2025 ஏப்ரலில் தொடங்கியது. மாதம் சராசரியாக 5,000 வெள்ளியும் அதற்குக் குறைவாகவும் சம்பாதித்தவர்கள், ஆறு மாதத்தில் மொத்தம் 6,000 வெள்ளி வரை பெறலாம். முதல் மாதம் 1,500, இரண்டாம் மாதம் 1,250, மூன்றாம் மாதம் 1,000, பிறகு மாதம் 750 வெள்ளி என்பது அதன் உச்ச அளவு. சும்மா இருந்தால் கிடைக்காது. மனுப் போட்டது, பயிற்சிக்குச் சென்றது, வேலை ஆலோசகரைக் கண்டது முதலிய முயற்சிகளை மாதந்தோறும் காட்ட வேண்டும். இன்னும் சில நிபந்தனைகளும் உண்டு, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கே வழியில்லை என்ற நிலை வந்தால், வட்டாரத்துச் சமூக சேவை அலுவலகத்தில் காம்கேர் உதவி கேட்கலாம். இந்தியச் சமூகத்துக்கெனச் சிண்டாவும் முஸ்லிம் சமூகத்துக்கென மெண்டாக்கியும் குடும்பங்களுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் துணை செய்கின்றன. பள்ளிவாசல்கள் வழியாக ஜகாத் நிதியிலிருந்தும் உதவி கிடைக்கிறது. வசதியாக இருந்த ஆண்டுகளில் ஜகாத் கொடுத்தவர், இன்று அதைப் பெறத் தகுதியாகிவிட்டால் வாங்கிக்கொள்வதில் என்ன இழிவு? கொடுத்தபோது அது ஏழையின் உரிமை என்றுதானே கொடுத்தோம்! வாங்கும்போது மட்டும் அது பிச்சையாகிவிடுமா?

ஆறாவது: பழைய கைக்குப் புதுத் தொழில்

தளத்துத் தொழிலாளிக்கு இரும்பைப் பற்றவைக்கத் தெரியும்; போர்க்கப்பலுக்குப் பதில் வர்த்தகக் கப்பலைப் பற்றவைத்தார். கை ஒன்றுதான்; எஜமான் மாறினார். நமக்கு என்ன தெரியும் என்பதையும் அவ்வாறே எழுதிப் பார்க்க வேண்டும். பத்தாண்டு கடையில் நின்றவருக்கு விற்பனை மட்டுமா தெரியும்? சரக்கு இருப்பு, கணக்கு, நாலு பாஷையில் பேச்சு எல்லாம் தெரியும். அவை வேறு தொழிலிலும் செல்லும். 25 வயதான குடிமக்களுக்கு 500 வெள்ளியும், 40 வயதைத் தாண்டியவர்களுக்கு 2024 மே முதல் மேலும் 4,000 வெள்ளியும் பயிற்சிக் கட்டணத்துக்கென்று அவரவர் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் வைக்கப்பட்டிருக்கின்றன. அதைத் தொடாமலே வைத்திருப்பவர்கள் நம்மிடையே உண்டு.

வீட்டிலுள்ள பெண்களின் கைத்திறனையும் மறக்கலாகாது. கடையநல்லூரில் தறித்தொழில் நலிந்த காலத்தில் கப்பலேறி வந்த குடும்பங்கள் தஞ்சோங் பகாரில் குடியேறின. ஆண்கள் துறைமுகத்தில் உழைக்க, பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். நம் சமூகமே ஒரு தொழில் போய் மறு தொழில் தேடி வந்த சமூகம் என்பதை இது காட்டவில்லையா? இன்று வீவக வீட்டிலிருந்தே சிறிய அளவில் பலகாரம், பிரியாணி செய்து விற்கத் தனி அனுமதி வேண்டியதில்லை. சுத்தம் பற்றிய விதிகளையும், அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு கூடாது என்பதையும் கைக்கொண்டால் போதும்.

வேலை அனுமதியில் வந்த சகோதரர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமைகளில் சிராங்கூன் ரோட்டில் கூடும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மேலே சொன்ன உதவிகளில் பல கிடைக்கமாட்டா. ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் ஊரில் நிற்கும்போதே இங்கு வேலை முடிந்துவிட்டால் அவர்கள் நிலை மிகவும் இரங்கத்தக்கது. அவர்கள் சில காரியங்களை அறிந்திருக்க வேண்டும். வேலை நியமனச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும். பாக்கிச் சம்பளத்தை விட்டுவிட்டு விமானம் ஏற வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஊர் திரும்பும் செலவு முதலாளியைச் சேர்ந்தது. பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பது தவறு. சம்பளச் சீட்டு, வேலை நேரக் குறிப்பு, வங்கிக் கணக்குத் தாள் எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மனிதவள அமைச்சுக்கோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்கோ செல்லுங்கள். வழக்கு முடியும்வரை வருமானமின்றி நிற்பவர்களுக்கு, டிடபிள்யூசி2 என்ற தொண்டு அமைப்பு 2008ஆம் ஆண்டு முதல் லிட்டில் இந்தியா வட்டாரத்தில் இலவசச் சாப்பாடு கொடுத்து வருகிறது. வேலை அனுமதியில்லாமல் வேறு இடத்தில் கூலிக்குப் போவது மட்டும் வேண்டாம். நியாயமான வழக்கும் அதனால் கெட்டுவிடும்.

வேலை உள்ளவர்களின் கடமை

கடைசியாக, வேலையில் இருக்கும் நமக்கும் ஒரு பாடம் உண்டு. ஒருவர் தம் கஷ்டத்தை மறைக்கிறார் என்றால், சொன்னால் என்ன ஆகும் என்று அவர் பயப்படுகிறார். அந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள் நாம்தான். கல்யாண வீட்டில் பத்துப் பேர் நடுவே “இப்போது எங்கே வேலை?” என்று கேட்பதை விட்டுவிடுவோம். தனியே அழைத்து, “எங்கள் கம்பெனியில் இடம் இருக்கிறது, விவரம் அனுப்பட்டுமா?” என்று கேட்போம். நேற்று வரை சங்கத்துக்குச் சந்தா கொடுத்தவர் இந்த மாதம் கொடுக்கவில்லையென்றால், சந்தாவை நினைவூட்டுமுன் அவருடைய சுகத்தை விசாரிப்போம். மளிகைக்கடை வைத்திருப்பவர் பழக்கமான குடும்பத்துக்கு இரண்டு மாதம் கணக்கில் எழுதிக் கொடுக்கலாம். மனு எழுதத் தெரிந்த இளைஞர், தெரியாத பெரியவருக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கலாம். இவற்றுக்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை.

இந்தக் கட்டுரையை வாசிக்கும்போதே, இன்னும் வீட்டில் சொல்லாமல் இருப்பவர் எவரேனும் இருந்தால், அவருக்கு நாம் சொல்வது இதுதான்: மற்ற ஐந்தையும் நாளைக்கு ஆரம்பிக்கலாம். முதலாவதை இன்று இரவே செய்துவிடுங்கள்.